பார்க்கிங்கில் விட்ட வண்டியில் கீறல்... ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டுதான் கடைசி வார்த்தையா?

படம் முடிந்து, பாப்கார்ன் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டாவது பேஸ்மென்ட்டில் பி-17 தூணைத் தேடி நடக்கிறீர்கள். போன மாதம்தான் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த கார். பின்பக்கக் கதவில் தொடங்கி சக்கர வளைவு வரை நீளமாக ஒரு கோடு. பக்கத்தில் நின்ற வண்டி போய்விட்டது. கேட்கவும் ஆளில்லை.

அது காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100-ஆகவும் இருக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் யாரோ அவசரமாகத் தன் வண்டியை இழுக்க, ஒன்று சாய, அது அடுத்ததைச் சாய்க்க, கடைசியில் உங்கள் பெட்ரோல் டேங்க்கில் ஒரு பள்ளம்.

அங்கிருப்பவரிடம் போய்க் கேட்டால், பதில் பேசாமல் விரலை மேலே காட்டுவார். போர்டு இருக்கும்: ‘வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன. சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ டோக்கனின் பின்பக்கத்திலும் அதே வரி, பொடி எழுத்தில். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி உடனே விட்டுவிட வேண்டியதில்லை. அந்த போர்டு செல்லுமா செல்லாதா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: வண்டி நின்றபோது சாவி யார் கையில் இருந்தது?

முதலில், வண்டியை நகர்த்தாதீங்க

சட்டம் பேசுவதற்கு முன், முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், சேதம் அங்கேதான் நடந்தது என்று காட்டுவதே கஷ்டமாகிவிடும். நின்ற இடத்திலேயே, தூண் எண் தெரியும்படி, சுற்றுப்புறத்தோடு சேர்த்து ஒரு வீடியோ எடுங்கள். பிறகு கீறலுக்கு நெருக்கமாகப் படங்கள். தரையிலிருந்து கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிய, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து ஒரு படம்.

கீறலில் ஒட்டியிருக்கும் வேற்று நிறத்தைத் துடைத்துவிடாதீர்கள். கதை சொல்வதே அதுதான். வெள்ளைக் காரில் சிவப்புத் தடம் இருந்தால், இடித்தது சிவப்பு வண்டி. தூணுக்கு அடித்திருக்கும் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தால், உங்கள் வண்டியை ஓட்டியவர்தான் தூணில் தேய்த்திருக்கிறார். வாலே பார்க்கிங்கில் விட்டிருந்தீர்கள் என்றால் விஷயம் பாதி முடிந்துவிட்டது.

அடுத்தது சிசிடிவி. நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்குப் பதிவைக் காட்டும் அதிகாரம் பொதுவாக இருக்காது. பெரும்பாலும் அவர் ஒரு ஏஜென்சியின் ஒப்பந்த ஊழியர். அவரிடம் கத்தினால் அவருடைய சம்பளத்தில் பிடித்தம் விழுமே தவிர, உங்கள் கதவுக்குப் பெயின்ட் வராது. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். புகார்ப் புத்தகம் இருந்தால் எழுதுங்கள். அதோடு நிற்காமல், அங்கிருந்தே ஒரு மெயிலும் அனுப்புங்கள்: ‘மாலை 6.10-க்கு உள்ளே வந்தேன், இரவு 9.25-க்குத் திரும்பினேன். இரண்டாவது பேஸ்மென்ட், பி-17. இந்த நேரத்துக்கான கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்.’ மூன்று வரி போதும். கேமரா பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்து, புதியவை மேலே ஏறிவிடும். நீங்கள் எழுதிக் கேட்ட பிறகும் அழிந்தால், அதுவே நாளைக்கு உங்கள் பக்கம் பேசும். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

சாவியைக் கொடுத்தீர்களா?

1998 ஆகஸ்ட் 1. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு இரவில் ஒரு விருந்தினர் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை வாலே ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. அங்கு வந்திருந்த மூன்று இளைஞர்களில் ஒருவர் சாவியை எடுத்து காரை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். இன்ஷூரன்ஸ் நிறுவனம் கார்க்காரருக்கு ரூ.2.8 லட்சம் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து ஹோட்டல் மீது நுகர்வோர் வழக்குப் போட்டது. ஹோட்டல் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, பார்க்கிங் சீட்டில் அச்சிட்டிருந்த ‘உங்கள் சொந்தப் பொறுப்பு’ என்ற வரி.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. ஹோட்டல் தோற்றது. சாவியையும் வண்டியையும் ஊழியர் வாங்கிக்கொண்ட நொடியிலேயே, அதைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமை வந்துவிடுகிறது. தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு வரியை அச்சடித்துக் கழற்றிவிட முடியாது என்றது நீதிமன்றம். ‘வாலே சேவை இலவசம்தானே’ என்ற வாதமும் எடுபடவில்லை. அதற்கான காசு அறை வாடகையிலும் சாப்பாட்டு பில்லிலும் சேர்ந்துதான் வருகிறது.

இதற்கு அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 148-வது பிரிவு ‘ஒப்படைப்பு’ பற்றிப் பேசுகிறது. சலவைக் கடையில் பட்டுப்புடவையைக் கொடுக்கிறோம், மெக்கானிக்கிடம் வண்டியை விடுகிறோம். எல்லாம் அந்த வகைதான். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனத்தை வாங்கிக்கொண்டவர் காட்ட வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. இதில் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் என்னவென்றால், ‘நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்’ என்று நிரூபிக்க வேண்டியது முதலில் அவர்கள். அப்படி அவர்கள் நிரூபித்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எது நடந்தாலும் ஹோட்டல்தான் பொறுப்பு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

ஆக, கல்யாண மண்டபமோ ஹோட்டலோ ஆஸ்பத்திரியோ, சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனவர்கள், திரும்பக் கொடுக்கும்போது கதவில் கோடு இருந்தால், போர்டைக் காட்டி ஒதுங்க முடியாது. அதனால்தான் வாலேவில் விடும்போது வண்டியைச் சுற்றி 20 விநாடி வீடியோ எடுப்பது நல்லது. கூட வந்தவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சாவி உங்க பாக்கெட்டில் இருந்தா?

இங்கேதான் சிக்கல். மாலில் டோக்கன் வாங்கி, நீங்களே நிறுத்தி, சாவியோடு படம் பார்க்கப் போனால், வண்டியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை, இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தீர்கள் என்று அவர்கள் வாதிடலாம். அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் பார்க்கிங் ஒரு ‘சேவை’. அந்தச் சேவையில் குறை இருந்ததைக் காட்டினால் நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். கேமரா இருந்தும் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, வெளியேறும்போது டோக்கனைச் சரிபார்க்கவில்லை, இரண்டு வண்டி நிற்கும் இடத்தில் மூன்றைத் திணித்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். காட்ட வேண்டிய வேலை மட்டும் இப்போது உங்களுடையது.

டூவீலர் ஸ்டாண்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘ஹேண்டில் லாக் போடாதீங்க சார்’ என்று சொல்வார்கள். ஏனென்றால் நீங்கள் போன பிறகு அவர்கள் உங்கள் வண்டியைத் தள்ளி நகர்த்தி, அடுத்ததுக்கு இடம் பண்ணுவார்கள். நகர்த்தும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர், சரிந்தால் மட்டும் ‘உங்க பொறுப்பு’ என்று சொல்வது நியாயமா? சாவி உங்கள் பாக்கெட்டில் இருந்தாலும், இதை வைத்து வாதாட நிறையவே இடம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வீட்டு ஐயா இடித்துவிட்டார் என்றால், சங்கத்தின் மீது பொறுப்பைச் சுமத்துவது கடினம். அது உங்களுக்கும் அவருக்கும் நடுவே உள்ள விஷயம்.

நுகர்வோர் ஆணையம் என்றதும் பயப்பட வேண்டாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நீங்கள் கொடுத்தது 40 ரூபாய் பார்க்கிங் காசு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், அதுவும் ஆன்லைனில். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். நிறுவனத்துக்கு நேரடியாகப் போகும் புகாரிலேயே சில விஷயங்கள் முடிந்துவிடும். அதேசமயம், 2,000 ரூபாய் கீறலுக்காக ஆணையத்தின் படியேறச் சொல்ல மாட்டேன். 1998-இல் காணாமல் போன ஜென் காருக்குக் கடைசித் தீர்ப்பு வர 21 ஆண்டுகள் ஆனதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடிச்ச ஆள் கிடைச்சுட்டா

கேமராவில் நம்பர் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எம்பரிவாகன் செயலியில் அந்த நம்பரைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும். ஆனால் வண்டியின் மாடலும், இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். முகவரி வேண்டுமென்றால் போலீஸ் வழிதான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டும் பேசுவதில்லை. அடுத்தவர் சொத்து சேதமானாலும், ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம். ‘பொது இடத்தில்தானே இது பொருந்தும், இது எங்கள் பேஸ்மென்ட்’ என்று யாராவது சொல்லலாம். பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் அந்தச் சட்டத்தில் பொது இடம்தான்.

வேண்டுமென்றே சாவியால் கோடு போட்டிருந்தால் அது வேறு கதை. கைதவறி இடிப்பது விபத்து. வேண்டுமென்றே கீறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவில் வரும் குற்றம்.

இடித்தவர் நல்லவராக இருந்தால் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: ‘சின்னக் கீறல்தானே தம்பி, ஒரு ஐந்நூறு வச்சுக்கோங்க.’ அந்த இடத்திலேயே தொகை பேசாதீர்கள். பம்பருக்குப் பின்னால் என்ன உடைந்திருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. அவருடைய ஆர்சி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு, ‘நாளைக்கு எஸ்டிமேட் வாங்கி அனுப்புறேன் சார்’ என்று சொல்லுங்கள். நடந்ததை அவரையே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. அவருடைய தர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு, காராக இருந்தால் பொதுவாக ரூ.7.5 லட்சம் வரையும், டூவீலராக இருந்தால் ரூ.1 லட்சம் வரையும் இடம் உண்டு. ஆனால் அதை வாங்க மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் போக வேண்டும். கீறலுக்கு அது யானை விலை. பேசி முடிப்பதுதான் நடைமுறை.

ஒரு எச்சரிக்கை. உங்கள் இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் செய்யப் போகிறீர்கள் என்றால், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குப் பணம் தந்த நிறுவனத்துக்கு அவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை இருக்கிறது. ஜென் கார் வழக்கு உருவானதே அந்த உரிமையால்தான்.

இடித்தது நீங்கள்தான் என்றால்? வைப்பரில் போன் நம்பரோடு ஒரு சீட்டு. அந்த 24 மணி நேரம் உங்களுக்கும்தான்.

க்ளெய்ம் பண்ணலாமா, கைக்காசா?

ஷோரூமில் கேட்டால் ‘இன்ஷூரன்ஸ் இருக்கே சார், போட்டுடலாம்’ என்பார்கள். கால்குலேட்டரை எடுங்கள்.

உங்கள் பாலிசியில், சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகள் க்ளெய்ம் செய்யாததால் 45% ‘நோ க்ளெய்ம் போனஸ்’ வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டும் சும்மா இருந்தால் அது 50% ஆகும். அடுத்த ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு ரூ.6,000 வீதம் மொத்தம் ரூ.30,000. இப்போது ஒரு க்ளெய்ம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்குப் போய், 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். அதாவது ரூ.12,000, 9,600, 9,000, 7,800, 6,600. கூட்டினால் ரூ.45,000. அந்த ஒரு க்ளெய்மின் விலை ரூ.15,000, வரி தனி. ஆண்டுதோறும் வண்டியின் மதிப்பு இறங்குவதால் பிரீமியமும் குறையும், ஆகவே இது தோராயக் கணக்குதான்.

சரி, வாங்குவது எவ்வளவு? பம்பர் பெயின்ட்டுக்கு ரூ.8,000 பில். பெயின்ட் பில்லில் 25% பொருள் விலை என்று எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள், ரூ.1,000 போச்சு. 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு இன்னொரு ரூ.1,000. கைக்கு வருவது ரூ.6,000. அதற்காக 15,000-ஐ இழப்பதா?

பம்பரையே மாற்ற வேண்டும், ஹெட்லைட்டும் போய்விட்டது என்றால் கணக்கு தலைகீழாகும். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50%. ‘பம்பர் டு பம்பர்’ எனப்படும் ஜீரோ டெப் எடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு இல்லை. 2021 ஆகஸ்ட்டில் புது வண்டிகளுக்கு ஐந்து ஆண்டு பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றதும் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆகவே அது கட்டாயமில்லை, உங்கள் இஷ்டம்.

இதையெல்லாம்விட முக்கியம், உங்களிடம் இருப்பது என்ன பாலிசி என்று இன்றைக்கே பார்ப்பது. 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து ஆண்டும், காருக்கு மூன்று ஆண்டும் தர்ட் பார்ட்டி பாலிசி சேர்த்தே வருகிறது. சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். ‘நமக்குத்தான் 5 வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கே’ என்று இரண்டாம் ஆண்டில் ரின்யூ பண்ணாமல் விட்டவர்கள், டேங்க்கில் பள்ளம் விழுந்த அன்றுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார்கள்.

நகத்தால் தடவிப் பாருங்கள்

கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கவில்லை என்றால், மேலே இருக்கும் கண்ணாடி போன்ற க்ளியர் கோட் மட்டும்தான் உரசியிருக்கிறது. பாலிஷில் போய்விடும். நகம் சிக்கினால் ஆழம் அதிகம். உள்ளே தகரம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், அதிலும் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊர்களில் துரு சீக்கிரம் ஏறும். பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. அது அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம்.

பெயின்ட் உடையாமல் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால், உள்பக்கத்திலிருந்து நெம்பி எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கம்பெனி பெயின்ட் அப்படியே தங்கும் என்பதால் முதலில் அவர்களைத் தேடுங்கள். பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால், கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும் பெயின்ட் கோடைப் படமெடுத்துக் கொடுங்கள். கலந்த நிறத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டாமல், வெயிலில் வைத்துப் பாருங்கள். சில்வர், மெட்டாலிக் நிறங்கள் அங்கேதான் காலை வாரும்.

பைக் விழுந்திருந்தால் கீறலைவிட ஹேண்டில் பாரையும் லீவரையும் முதலில் கவனியுங்கள். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் வளைந்திருக்கிறதா, பெட்ரோல் கசிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். நேராக உருட்டும்போது ஹேண்டில் ஒரு பக்கம் கோணி நின்றால், ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக நினைக்க வேண்டாம்.

பழைய வண்டிக்கு என்ன விலை?

அந்த ஆர்எக்ஸ் 100-க்குத்தான் நிலைமை மோசம். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான வண்டி. பெரும்பாலானவர்கள் அதற்குச் சட்டப்படி வேண்டிய தர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டிருப்பார்கள். அதில் சொந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. முழு பாலிசி போட்டாலும், ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்பது நீங்களும் நிறுவனமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். அப்பா முன்னால் உட்காரவைத்து பள்ளிக்கூடம் கூட்டிப்போன டேங்க் அது என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஆகவே இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஆவணம் சேர்க்க வேண்டும். ரீஸ்டோர் செய்த பில், ஒரிஜினல் பாகம் வாங்கிய ரசீது, நல்ல நிலையில் தேதியோடு எடுத்த படங்கள். நுகர்வோர் ஆணையத்தில் பழுதுச் செலவோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் ‘ரொம்பப் பிடிச்ச வண்டி’ என்று சொல்வதைவிட, ‘போன வருஷம் இந்த டேங்க்குக்கு இவ்வளவு செலவு பண்ணேன், இதோ பில்’ என்பதற்குத்தான் அங்கே எடை.

சரிசெய்யும்போதும் அவசரம் வேண்டாம். ‘புது டேங்க் போட்டுடலாம்’ என்பார் மெக்கானிக். பழைய டேங்க்கின் பள்ளத்தை எடுக்க முடிந்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் தகரம் ஒருமுறை போனால் திரும்பக் கிடைப்பது அரிது. புல்லட் டேங்க்கின் தங்கக் கோடு கையால் இழுப்பது. ஸ்டிக்கர் ஒட்டினால் தெரிந்துவிடும், பழைய கை உள்ள பெயின்ட்டரைத் தேடித்தான் ஆக வேண்டும். அடிப்பதுதான் அடிக்கிறோம், நிறத்தையே மாற்றிவிடலாமே என்று ஆசை வந்தால் ஒன்று: ஆர்சி-யில் இருக்கும் நிறம் மாறினால் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்சி-யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.